ஓட்டத்தை நிறுத்திப் பார்க்கும் கலை

ஒழுங்காக ஓடும் நிரலை எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். எங்கே, எந்தக் கணத்தில் முரண்டு பிடிக்க வேண்டும் என்று அளந்து, வேண்டுமென்றே அடங்காத நிரலை எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் கைவண்ணத்தைப் பார்க்க, நிரலை நிறுத்திப் பிழை தேட உதவும் ஜிடிபி டீபக்கரின் சோதனைத் தொகுப்பில் 'ஜிடிபி.த்ரெட்ஸ்' என்ற கோப்புறையைத் திறக்க வேண்டும். 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதத் தொடங்கிய டீபக்கர் அது.

பெரும்பாலான சோதனைகளில் இரண்டு கோப்புகள். ஒன்று, பல த்ரெட்டுகளை, அதாவது ஒரே நிரலுக்குள் பக்கம்பக்கமாக ஓடும் இழைகளை, ஓடவிடும் சின்ன சி நிரல். மற்றொன்று, டீபக்கருக்குக் கட்டளை கொடுத்து அதன் பதிலைச் சரிபார்க்கும் டிசிஎல் ஸ்கிரிப்ட்.

எனக்கு மிகப் பிடித்தது 'ஷெட்லாக்'. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு அரேயில் தனி இடம். ஓடும்போதெல்லாம் அது தன் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். "இந்த த்ரெட் மட்டும் நகரட்டும், மற்றவை நிற்கட்டும்" என்று ஸ்கிரிப்ட் டீபக்கருக்குச் சொல்லிவிட்டு, சில அடிகள் நகர்த்தி, அரேயை மறுபடி அச்சிடுகிறது. வேறொரு த்ரெட்டின் எண் ஒன்றே ஒன்று கூடியிருந்தாலும் டீபக்கர் தோற்றது. சோதிக்கப்படும் நிரலே டீபக்கரின் நடத்தைக்குக் கணக்கு எழுதுகிறது. என்ன சிக்கனம்!

நிரல் இந்த இடத்துக்கு வந்ததும் நிற்க வேண்டும் என்று குறித்துவைக்கும் ப்ரேக்பாயிண்ட் விஷயம் இன்னும் நுட்பமானது. எக்ஸ்86 சிபியுவில் டீபக்கர் அந்த இடத்து ஆணையின் முதல் பைட்டை மாற்றி 0xCC என்று எழுதி வைக்கும். நின்ற த்ரெட் மேலே போக, பழைய பைட்டைத் திரும்ப வைத்தாக வேண்டும். அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் அதே வழியாக நிற்காமல் ஓடிவிடலாம். எனவே மற்ற எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் ஆணையை வேறிடத்தில் நகலெடுத்து அங்கே ஓட்ட வேண்டும். சரியாக அந்த இடைவெளியில் வேறொரு த்ரெட்டுக்கு சிக்னல் வந்தால்? அதற்கென்றே தனிச் சோதனை உண்டு.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு டீபக்கர் போய் ஒட்டிக்கொள்ளும் சோதனையில்தான் நான் மலைத்துப்போவேன். அந்த நிரலில் த்ரெட்டுகள் கணத்துக்குக் கணம் பிறந்து மடிகின்றன. பந்தியில் ஆட்கள் எழுந்துகொண்டும் உட்கார்ந்துகொண்டும் இருக்கும்போதே தலை எண்ணுவது போன்ற வேலை. லினக்ஸ் தரும் த்ரெட் பட்டியலை ஒருமுறை படித்தால் போதாது. படித்து முடிப்பதற்குள் புதிது பிறந்திருக்கும். அதனால் தொடர்ந்து இரண்டு சுற்றில் புதிதாக எதுவும் அகப்படாமல் போகும்வரை ஜிடிபி திரும்பத் திரும்பப் படிக்கிறது. சோதனையும் விடுவதில்லை. ஒட்ட வைத்து, பிரித்து, மறுபடி ஒட்ட வைத்து, முந்தைய முறையின் எச்சம் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று துருவுகிறது.

ஒரே சமயத்தில் பல த்ரெட்டுகள் செய்தியோடு நின்றால் யாரை முதலில் கவனிப்பது? வரிசையின் தலையில் இருப்பதையே எப்போதும் எடுத்தால் பின்னால் இருப்பது காத்தே கிடக்கும். ஜிடிபி குலுக்கல் முறையில் ஒன்றை எடுக்கிறது. எல்லோருக்கும் வாய்ப்பு கிடைக்கிறதா என்று பார்க்கவும் ஒரு சோதனை.

இந்தக் கலையில் தரம் பார்க்க என்னிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. 'ஸ்லீப்' போட்டுவிட்டு, அதற்குள் மற்ற த்ரெட் வந்து சேர்ந்திருக்கும் என்று நம்பும் சோதனை மட்டமானது. வேலைப்பளு மிகுந்த சர்வரில் அது உளறும். எல்லா த்ரெட்டுகளும் வந்து சேரும்வரை 'பேரியர்' வைத்துக் காக்கும் சோதனைதான் தேர்ந்த கை. நிரலின் தொடக்கத்தில் 'அலாரம்' ஒன்றையும் வைத்திருப்பார்கள், டீபக்கர் பாதியில் செத்தாலும் நிரல் அநாதையாக ஓடிக்கொண்டிருக்காமல் இருக்க.

சோதிக்கும் ஸ்கிரிப்டையும் இவர்கள் சும்மா விடுவதில்லை. 'ரீட்1' முறையில் டீபக்கரின் பதில் ஒவ்வொரு எழுத்தாகத்தான் அதற்குப் போய்ச் சேரும். அவசரப்பட்டு அரைகுறைப் பதிலை ஏற்கும் ஸ்கிரிப்ட் அங்கே மாட்டிக்கொள்ளும்.

இத்தனையும் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் படிக்கக்கூடிய மூலநிரல். சி கொஞ்சம் தெரிந்தவர்கள் 'ஷெட்லாக்' நிரலிலிருந்து தொடங்குங்கள். ஓட்டிப் பார்க்கும் முன் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள்.