கட்டத்தில் ஒட்டும் கல்லும் கட்டத்துக்குள் அடங்காத வளவும்

வீடு கட்டும் கணினி விளையாட்டு ஒன்றை எழுதப்போகும் எவரும் ஆரம்பத்திலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். விளையாடுபவர் வைக்கிற கல் அவர் விரல் தொட்ட இடத்திலேயே நிற்பதா, அல்லது அருகிலுள்ள கட்டத்துக்குத் தானாக நகர்ந்து ஒட்டிக்கொள்வதா? பெரும்பாலானோர் இரண்டாவதைத்தான் எடுக்கிறார்கள். கல்லை ‘ஸ்னப்’ ஆக்குவது என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். 2011 இல் முழுமையாக வெளிவந்த மைன்கிராப்ட், உலகம் முழுவதையும் ஒரு மீற்றர் கனசதுரங்களாக வெட்டிவைத்துப் பெருவெற்றி கண்டது. அதற்குப் பிறகு, கட்டுமான விளையாட்டு என்றாலே கட்டம்தான் என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. அந்த எண்ணத்தை ஒருமுறை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

வன்னியில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்குகிறது. கணினிப் பொறியியல் அங்கே ஒரு துறை. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைகள் பைதன் படிக்கிறார்கள். விளையாட்டு உருவாக்க இலவசமாகக் கிடைக்கும் கோடோ மென்பொருளின் ஸ்கிரிப்ட் மொழி பைதனுக்கு மிக அருகில் நிற்பது. ஆகவே ஒரு பழைய மடிக்கணினி இருந்தாலே விளையாட்டு எழுதத் தொடங்கிவிடலாம். இதே மண்ணில்தான் ஒரே தலைமுறை கொட்டில் போட்டு, வீடு கட்டி, விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து மறுபடி அத்திவாரம் வெட்டியது. இங்குள்ள பிள்ளை எழுதும் விளையாட்டில் வீடு எப்படி நிற்கப்போகிறது என்பது எனக்குச் சின்ன விடயமாகப் படவில்லை.

ஸ்னப்பின் கணக்கு எளிமையானது. கட்டத்தின் அளவு 4 என்று வைப்போம். விரல் தொட்ட இடம் 10.7. அதை 4 ஆல் வகுத்தால் 2.675. கிட்டிய முழு எண்ணுக்கு மாற்றினால் 3. திரும்ப 4 ஆல் பெருக்கினால் 12. கல் 12 இல் போய் நிற்கும். இதை மூன்று அச்சிலும் செய்தால் வேலை முடிந்தது. இந்த மூன்று வரிகள் தரும் பலன் பெரிது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் நீக்கல் விழாது. கைத்தொலைபேசியின் சின்னத் திரையில் பெருவிரலால் தொடும் பிள்ளைக்கும் சுவர் நேராக வரும். ஒரு கல்லைச் சேமிக்க மூன்று முழு எண்களும், எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கு 0 முதல் 3 வரை ஓர் எண்ணும் போதும். சமிக்ஞை விட்டு விட்டு வரும் இடத்தில் பலர் சேர்ந்து விளையாடும்போது இந்தச் சிக்கனம் கைகொடுக்கும். ஒரு கட்டத்தில் ஏற்கெனவே கல் இருக்கிறதா என்று சேர்வர் பார்ப்பதும் ஓர் அகராதியில் ஒரு சொல்லைத் தேடும் அளவு வேலைதான்.

பழகாத கைகளும் கட்டலாம் என்பதுதான் கட்டத்தின் மிகப் பெரிய புண்ணியம். மைன்கிராப்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனமும் ஐ.நா. வாழிட அமைப்பும் 2012 இல் தொடங்கிய ‘பிளொக் பை பிளொக்’ திட்டம் இதற்குச் சாட்சி. நைரோபியின் கிபேராவிலும் ஹெய்ட்டியின் லெ காயிலும் வரைபடம் வாசிக்கத் தெரியாதவர்களும் தங்கள் பொது இடங்களைக் கட்டங்களால் கட்டிக் காட்டினார்கள். வரைபடப் பலகைக்கு முன்னால் வாய் திறக்காத ஒருவர், ஒரு கல்லை எடுத்து வைத்து ‘இங்கே வேண்டும்’ என்று சொல்ல முடிந்தது.

இனிக் குறைகள். முதல் வகை, எழுதுபவரின் கையில் வரும் பிழைகள். உலகத்தின் நடுப்புள்ளிக்கு இரண்டு பக்கமும் கட்டங்கள் உண்டு. ஒரு பக்கம் எண்கள் எதிர்க்குறி எடுக்கும். 1 ஐ 4 ஆல் வகுத்தால் 0.25, −1 ஐ வகுத்தால் −0.25. தசமத்தை வெறுமனே வெட்டிவிட்டால் இரண்டுமே 0 ஆகும். நடுவிலுள்ள கட்டம் மட்டும் இரட்டிப்பு அகலமாகி, அங்கே வைத்த கற்கள் ஒன்றையொன்று விழுங்கும். கீழ்நோக்கி முழுமையாக்கினால் −0.25 ஆனது −1 ஆகிப் பிழை தீரும். பைதனில் கிட்டிய முழு எண்ணுக்கு மாற்றும்போது 2.5 ஆனது 3 ஆகாமல் 2 ஆகிறது, விளையாட்டு உருவாக்கும் யூனிட்டி மென்பொருளிலும் அப்படித்தான். சரிபாதியில் வரும் எண்ணை இரட்டை எண்ணின் பக்கம் தள்ளும் மரபு அது. கற்களின் ஓரங்கள் அடிக்கடி சரிபாதியில் விழும் விளையாட்டில், ஒரு கல் வலப்பக்கமும் அடுத்தது இடப்பக்கமும் பாய்வதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றைப் பார்த்தவர்கள் பலர்; காரணம் அறிந்தவர்கள் சிலர். ஏற்கெனவே வைத்த கல்லின் மேல் இன்னொன்றை வைக்கப் போகும்போது, நிழல்போல் தெரியும் மாதிரிக் கல் மேலும் கீழும் துடிக்கும். தொட்ட புள்ளி சரியாக 4 என்ற உயரத்தில், இரண்டு கட்டங்களின் எல்லையில் இருக்கிறது. கணினியின் தசமக் கணக்கில் அது ஒருமுறை 3.9999998 ஆகவும் அடுத்தமுறை 4.0000002 ஆகவும் வரும். முதலாவது கீழ்க் கட்டம், இரண்டாவது மேல் கட்டம். தொட்ட முகத்தின் செவ்வன் திசையில் அரைக் கட்டம் தள்ளிவிட்டுப் பிறகு கணக்கிட்டால், 6 ஐ 4 ஆல் வகுத்துக் கீழ்நோக்கி முழுமையாக்கி, ஐயமில்லாமல் மேல் கட்டம் கிடைக்கும். ஒற்றைக் கட்ட அகலமுள்ள கல்லின் மையம் 2, 6, 10 என்று கட்டத்தின் நடுவில் நிற்கவேண்டும். இரட்டைக் கட்டக் கல்லின் மையம் 4, 8, 12 என்று கோட்டில் நிற்கவேண்டும். இரண்டுக்கு ஒன்று என்ற கல்லைத் திருப்பினால் அகலமும் நீளமும் இடம் மாறும். மையத்தையும் மறுபடி கணக்கிடாவிட்டால் சுவர் அரைக் கட்டம் விலகும். இவை எல்லாம் திருத்தக்கூடியவை. ஒரு நல்ல ஆசிரியர் ஒரு மாலையில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இரண்டாவது வகைக் குறை அப்படித் தீராது. கட்டம் உலகத்துக்கே உரியதாகிவிட்டால், எல்லா வீடும் ஒரே திசையைப் பார்க்கும், எல்லா வேலியும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகும். இரணைமடுவின் வாய்க்கால்களை ஒட்டி அளந்து பிரித்த கிளிநொச்சிக் குடியேற்றங்கள் இதற்குள் ஓரளவு அடங்கும்; டி-8 என்று வாய்க்கால் எண்ணாலேயே இடத்தைச் சொல்லும் பழக்கம் அங்கே உண்டு. முள்ளியவளையையோ தண்ணீரூற்றையோ அப்படி அடக்க முடியாது. அங்கே ஒழுங்கை மரத்தைச் சுற்றி வளையும். குளக்கட்டு வில்லாக வளைந்து போகும். கட்டத்தில் அதைக் கட்டினால் படிக்கட்டாகிவிடும். கதியால் நட்ட வேலி நிலம் போகிற போக்கில் போகும். திண்ணை வைத்த மண்வீடு, தள்ளி ஒரு குசினி, கிணற்றடி, படலை: இவற்றுக்கு இடையிலான தூரத்தையும் சாய்வையும் தீர்மானிப்பது நிழலும் காற்றும் வெள்ளம் ஓடும் பக்கமும். உலகக் கட்டத்தில் இதை எழுதும் பிள்ளை தன் ஊரைக் கட்ட முயன்று, முடியாமல், யாரோ ஒருவரின் ஊரைக் கட்டிவிட்டு எழும்பும். எனக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான்.

இங்கே வீட்டுத்திட்ட அனுபவத்தையும் நினைக்கலாம். போருக்குப் பிறகு இந்திய உதவியில் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள் புதிதாகக் கட்டப்பட்டன அல்லது திருத்தப்பட்டன. ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா, குறைந்தது 550 சதுர அடி. வன்னியில் பெரும்பாலும் உரிமையாளரே மேசனைப் பிடித்துக் கட்டும் முறை. அந்தத் தொகை போதாமல் கடன்பட்ட குடும்பங்கள் உண்டு. அது வேறு கதை. விதி இருந்தது பரப்பளவுக்கு. வளவுக்குள் எந்த இடத்தில், எந்தத் திசையைப் பார்த்து என்பது குடும்பத்தின் கையில் கணிசமாக இருந்தது. எதை இறுக்க வேண்டும், எதைத் தளர்த்த வேண்டும் என்ற அதே கேள்விதான் ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கும் வருகிறது.

விளையாட்டு உலகிலும் விடைகள் வந்துவிட்டன. 2021 இல் வந்த வல்ஹைம், உலகக் கட்டத்தை விட்டுவிட்டு, மரத்துண்டின் முனைகளை அடுத்த துண்டின் முனைகளோடு ஒட்டவைத்தது. முதல் துண்டைப் பல கோணங்களில் நடலாம். ஒஸ்கார் ஸ்டால்பெர்கின் டவுன்ஸ்கேப்பர் கட்டத்தையே கோணலாக்கியது. அதனால் அதன் தெருக்கள் இயல்பாக வளைகின்றன. இரண்டும் அழகானவை. ஆனால் நம் தேவைக்கு இதைவிட எளிய வழி, ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் சொந்தக் கட்டத்தைக் கொடுப்பது. மேசன் வேலையும் இந்த ஒழுங்கில்தான் நடக்கிறது. முதல் மூலையில் முளை அடிப்பது வீட்டுக்காரர் காட்டிய இடத்தில். பிறகு நூல் கட்டி, மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று அளந்து மூலையைச் செங்கோணமாக்குகிறார். அதற்குப் பிறகுதான் கல் அந்த நூலுக்குக் கட்டுப்படுகிறது. ஸ்கிரிப்டிலும் முதல் முளையையும் திசையையும் ஸ்னப் இல்லாமல் வாங்கி வைக்கலாம். பிறகு தொடும் ஒவ்வொரு புள்ளியையும் அந்த வீட்டின் ஆள்கூறுகளுக்கு மாற்றி, அங்கே ஸ்னப் செய்து, மறுபடி உலக ஆள்கூறுகளுக்குக் கொண்டுவரலாம். கூடுதலாக இரண்டு வரிகள். சேமிப்பிலும் வீட்டுக்கு ஒருமுறை முளையும் கோணமும், கற்களுக்குப் பழையபடி முழு எண்கள்.

இதற்கும் விலை உண்டு. இரண்டு வீடுகளின் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஒரு வீடு மற்றதற்குள் நுழைகிறதா என்பதை அகராதியில் பார்க்க முடியாது, வடிவங்களை மோதிப் பார்க்கவேண்டும். பலவீனமான தொலைபேசியில் நூறு வீட்டுக்கும் அதைச் செய்தால் விளையாட்டு இழுபடும். அருகிலுள்ள வளவுகளோடு மட்டும் ஒப்பிட்டால் தாங்கும். கொடுக்கத் தகுந்த விலை என்றே நான் நினைக்கிறேன்.

கட்டத்தின் அளவையும் கடன் வாங்கத் தேவையில்லை. மென்பொருள் தரும் அளவை அப்படியே வைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். நம் ஊர்ச் சீமெந்துக் கல், சாந்தோடு சேர்த்து, 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 4 அங்குலத் தடிப்பு. கட்டத்தை 4 அங்குலம் ஆக்கினால் கல் நாலுக்கு இரண்டுக்கு ஒன்று என்று கணக்காக நிற்கும். பத்தடி அறை 30 கட்டங்கள். ஆறங்குலக் கல்லும் வேண்டும் என்றால் கட்டத்தை 2 அங்குலம் ஆக்கவேண்டும். அப்போது விரலுக்குக் கட்டம் மிகச் சிறிதாகும்; ஸ்னப்பின் உதவி குறையும். நான் தொடக்கத்தில் 4 ஐயே எடுப்பேன்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்னப்பைச் சுவருக்கும் தளத்துக்கும் கூரைக்கும் வையுங்கள். வேலி, மரம், கிணறு, குளக்கட்டு ஆகியவற்றுக்கு அதை நிறுத்திவிடுங்கள். விளையாட்டின் முதல் பாடமாக, பிள்ளை தன் சொந்த வளவை அளந்து வந்து அதைக் கட்டட்டும்.