இரண்டு யோகா புத்தகங்களும் ஒரு முழங்காலும்

முழங்காலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, ஹாலில் பாய் விரித்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு பத்மாசனம் போட முயன்றேன். முப்பது நாள் சவாலில் அன்று பதினேழாவது நாள். வலது கால் ஏறிவிட்டது. இடது கால் ஏறவில்லை. வீடியோவில் இருந்தவர் சிரித்துக்கொண்டே ஏற்றினார். நான் இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்து இழுத்து ஏற்றினேன். உள்ளே எதுவோ ‘டக்’ என்றது. வலி உடனே வரவில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் படிக்கட்டில் இறங்கும்போதுதான் வந்தது.

யாரையும் குறை சொல்ல முடியாது. இழுத்தது என் கை.

பிசியோதெரபிஸ்ட் என்னைவிட வயதில் சின்னவர். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, “சார், முழங்கால் கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும். நீங்க அதைத் திருகி இருக்கீங்க” என்றார். பத்மாசனத்தில் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. அது கிண்ணத்துக்குள் பந்து வைத்ததைப் போன்ற அமைப்பு, எல்லாப் பக்கமும் சுழலும். ஆனால் நாளுக்குப் பத்து மணி நேரம் நாற்காலியில் கிடந்த இடுப்பு வெளிப்பக்கம் சுழல மறுக்கும்போது, அந்தத் திருகல் அப்படியே ஒரு மூட்டு கீழே இறங்குகிறது. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு அதை வாங்கிக்கொள்கிறது. மென்பொருள்காரனுக்கு இது புதிதில்லை. பிழை ஓரிடத்தில் இருக்கும், சிஸ்டம் வேறிடத்தில் விழும்.

“ஆறு வாரம் தரையில உட்காராதீங்க” என்றார். அந்த ஆறு வாரத்தில் யோகா செய்ய முடியாததால், எல்லா அரைகுறை அறிவுஜீவிகளையும் போல, யோகா புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்தேன். அவற்றில் இரண்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலாவது பி.கே.எஸ். ஐயங்காரின் ‘லைட் ஆன் யோகா’. 1966இல் லண்டனில் வெளியானது, முன்னுரை வயலின் மேதை யெஹூதி மெனுஹின். சுமார் 200 ஆசனங்கள், 600 புகைப்படங்கள், கடைசியில் 300 வாரங்களுக்கான பயிற்சி அட்டவணை. இதை ஆரோக்கியக் குறிப்புப் புத்தகம் என்று யாராவது அலமாரியில் ஒதுக்கினால் எனக்குக் கோபம் வரும். உடலைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்ட உரைநடை அரிது. திரிகோணாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கால்களுக்கிடையே எத்தனை அடி, வலது பாதம் 90 பாகை திரும்பினால் இடது பாதம் எவ்வளவு திரும்ப வேண்டும், உள்ளங்கை எங்கே இறங்க வேண்டும், பார்வை எங்கே போக வேண்டும் என்று எண் போட்டு எழுதுகிறார். நான் என் வேலையில் படித்த எந்த வடிவமைப்பு ஆவணமும் இந்தத் தெளிவில் பாதிகூட இல்லை. எழுதியவர் ஒவ்வொரு அசைவையும் ஆயிரம் முறை செய்து பார்த்தவர் என்பது வினைச்சொற்களிலேயே தெரிகிறது.

ஆனால் அந்தப் புத்தகத்துக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். வாக்கியங்களில் இருப்பவர் பொறுமையான ஆசிரியர். எச்சரிக்கிறார், இடைநிலைகளைச் சொல்கிறார், வயிறு நிறைந்திருக்கும்போது ஆரம்பிக்காதே என்கிறார், மூச்சை எப்போது விட வேண்டும் என்று ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறார். புகைப்படத்தில் இருப்பவர் வேறு ஆள். அவர் வந்து சேர்ந்துவிட்டார். அவருக்கு வழியும் கிடையாது, வலியும் கிடையாது. பக்கத்தைத் திருப்பியதும் வாசகனின் கண் போய் உட்காருவது அந்தப் படத்தில்தான். அந்த வகையில் இன்றைய இன்ஸ்டாகிராம் ஆசனக் கலாச்சாரத்துக்கு, ஆசிரியர் நினைக்காமலே, ஒரு மூத்த பங்காளி அந்தப் படங்கள். வாக்கியங்களை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்ட வாரிசுகள் நாம்.

இன்னொரு சிக்கல் எண்கள். ஒவ்வொரு ஆசனத்துக்கும் ஒன்றிலிருந்து அறுபது வரை கடினத்தன்மைக்கு ஓர் எண் தருகிறார். பத்மாசனத்துக்கு என்ன எண் தெரியுமா? நான்கு. பார்த்ததும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அறுபதில் நான்கு! அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது எந்த உடம்பை அளவுகோலாக வைத்துப் போடப்பட்டது? தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் உட்கார்ந்து படித்து, குந்தி எழுந்து வளர்ந்த உடம்பை. என் அம்மாவுக்கு அது நான்குகூட இல்லை, இரண்டாக இருக்கலாம். அறுபத்திரண்டு வயதில் இன்றைக்கும் அரிவாள்மனைக்கு முன்னால் ஒரு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். யோகா என்ற சொல்லையே அவள் டிவியில்தான் கேட்டிருக்கிறாள். என் கட்டுப்போட்ட காலைப் பார்த்து, “உட்காரத் தெரியாமலா காலை உடைச்சுக்கிட்ட?” என்று கேட்டாள். கடினத்தன்மை ஆசனத்தில் இருப்பதில்லை. ஆசனத்துக்கும் அதைச் செய்கிறவருக்கும் இடையில் இருக்கிறது. ஒற்றை எண் அதைச் சொல்லாது.

ஐயங்காருக்கு இது தெரியாமல் இல்லை. தரையில் உட்கார்ந்து பழகாதவர்களைப் பற்றிப் பத்மாசனப் பகுதியிலேயே பேசுகிறார். முதலில் முழங்காலைச் சுற்றிக் கடுமையாக வலிக்கும், விடாமல் பழகினால் மெல்லக் குறையும் என்பது அவர் சொல்வதன் சாரம். இந்த இடத்தோடு நான் உடன்படவே மாட்டேன். தசை இழுபடும்போது வருகிற வலியும் மூட்டுக்குள் வருகிற வலியும் ஒன்றல்ல. தொடையின் பின்பக்கம் இழுத்தால் அங்கே கொஞ்சம் காத்திருக்கலாம். முழங்காலுக்குள் குத்தினால் அந்த நொடியே வெளியே வந்துவிட வேண்டும். விடாமுயற்சி என்ற நல்ல சொல்லை மூட்டுக்குச் சொல்லக் கூடாது.

பொதுவாக இத்தகைய விமர்சனத்துக்கு ஒரு பதில் வரும்: அது அந்தக் காலம். சரிதான். ஆனால் சுவாரசியமான விஷயம் என்னவென்றால், அந்தக் காலத்தைத் தாண்டிப் போனவர்களில் முதல் ஆள் ஐயங்காரேதான். மரக்கட்டை, பெல்ட், நாற்காலி, சுவரில் கயிறு, மடித்த போர்வை என்று, வளையாத உடம்பும் ஆசனத்துக்குள் நுழைய அவர் புனே நிலையத்தில் உருவாக்கிய துணைக்கருவிகள் இன்று உலகம் முழுக்க இருக்கின்றன. புத்தகத்தின் படத்தில் சர்வாங்காசனம் ஏறக்குறைய வெறுந்தரையில் நிற்கிறது. கழுத்து செங்குத்தாக மடிகிறது. அவருடைய பள்ளியில் இன்று தோளுக்கடியில் போர்வைகளை அடுக்கி, கழுத்துக்கு இடம் விட்டுத்தான் சொல்லித் தருகிறார்கள். மனிதர் நகர்ந்துவிட்டார், புத்தகம் 1966இல் நிற்கிறது. நாம் வாங்குவது புத்தகத்தை.

இரண்டாவது, டி.கே.வி. தேசிகாச்சாரின் ‘தி ஹார்ட் ஆஃப் யோகா’, 1995. எனக்கு இவர் மேல் முதலிலேயே ஒரு சாய்வு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இன்ஜினியரிங் படித்தவர். வேலைக்குப் போக இருந்த நேரத்தில், ஒரு வெளிநாட்டுப் பெண்மணி காரிலிருந்து இறங்கி ஓடிவந்து, ஆசாரமான வைணவரான தன் அப்பாவை நன்றியோடு கட்டிக்கொள்வதைப் பார்த்து அதிர்ந்து போனார். அந்த அம்மாவுக்குப் பல காலமாகத் தூக்கம் இல்லாமல் இருந்து, அப்பாவிடம் கற்றபின் தூக்கம் வந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் மகன் அப்பாவிடம் மாணவனாகிறார். அப்பா, டி. கிருஷ்ணமாச்சாரியார்.

இந்தப் புத்தகத்தில் படங்கள் அடக்கமானவை. யாரும் எங்கேயும் வந்து சேரவில்லை. முன்னால் குனியும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கினால் தேசிகாச்சார் பதறுவதில்லை. அந்த ஆசனத்தின் வேலை முதுகில் நடக்கிறதா என்பதுதான் அவர் கேள்வி. நெற்றி முழங்காலைத் தொட்டதா என்பது அல்ல. ஒவ்வொரு அசைவும் ஒரு மூச்சோடு கட்டப்பட்டிருக்கிறது. கையைத் தூக்கும்போது உள்ளே, இறக்கும்போது வெளியே. மூச்சு கரடுமுரடானால் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். ஓர் ஆசனத்துக்கு முன்னால் தயாரிப்பு, பின்னால் அதை ஈடுகட்டும் எதிர் ஆசனம். சிரசாசனத்திலிருந்து இறங்கியதும் கழுத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்று ஏறுவதற்கு முன்பே கேட்கிறார். திரும்பி வரும் வழியை யோசிக்காமல் எதையும் வெளியிடாதே என்று எங்கள் தொழிலில் சொல்வோம். அப்பாடா, நம்ம ஆள் என்று தோன்றியது.

மூச்சை அளவுகோலாக வைத்ததில் ஒரு நுட்பமான அழகு இருக்கிறது. புகைப்படம் வெளியே இருக்கிறது, நான் அதை நோக்கிப் போக வேண்டும். மூச்சு என்னிடமே இருக்கிறது. அதை ஏமாற்றவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு கால் ஏற்றலாம், பல்லைக் கடித்துக்கொண்டு சீராக மூச்சு விட முடியாது. அந்தச் சனிக்கிழமை நான் மூச்சைப் பிடித்து வைத்திருந்தேன் என்பது இதைப் படிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் இந்தப் புத்தகத்தைக் கொண்டாடிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அதன் பலவீனம் அதன் பண்பிலேயே இருக்கிறது. இது பேச்சிலிருந்து பிறந்த புத்தகம். 1976இல் அமெரிக்காவின் கோல்கேட் பல்கலைக்கழகத்தில் தேசிகாச்சார் பேசியவைதான் இதன் வேர். எதிரே ஆள் இருக்கும்போது வருகிற இதமான தொனி பக்கம் பக்கமாக வருகிறது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம், ஆகவே நல்ல ஆசிரியரிடம் போ என்பதில் பல அத்தியாயங்கள் முடிகின்றன. உண்மைதான். ஆனால் ஒருவருக்கு ஓர் ஆசிரியர் என்பது எல்லோருக்கும் கிடைக்கிற விஷயமா? கூடுவாஞ்சேரியில் இரவுப் பணி முடிந்து வருகிறவன் யாரிடம் போவான்? ஐயங்காரின் புத்தகம், என்ன குறை சொன்னாலும், ஆசிரியர் இல்லாதவனை நினைத்து எழுதப்பட்டது. பாய் விரித்தவனைத் தனியாக விடவில்லை. தேசிகாச்சாரைப் படித்துவிட்டு நான் மூன்று மாதம் எதுவுமே செய்யாமல் இருந்தேன். புத்தகம் அவ்வளவு சமாதானமாகப் பேசியது.

இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது சுலபம். ஆனால் இரண்டுக்கும் ஊற்று ஒரே ஆள். மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று நோயோடு வளர்ந்த ஐயங்கார் 1934இல் மைசூருக்கு, தன் அக்காவின் கணவரான கிருஷ்ணமாச்சாரியாரிடம் போனார். அது அரண்மனை ஆதரவில் நடந்த யோகசாலை. அங்கே மாணவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள், வருகிறவர்கள் முன்னால் செய்து காட்டும் நிகழ்ச்சிகளும் உண்டு. தேசிகாச்சார் படித்தது 1960களில், சென்னையில், எழுபதைத் தாண்டிய அதே மனிதரிடம். இப்போது வாசலில் வந்து நிற்பவர்கள் நோயாளிகள், நடுத்தர வயதுக்காரர்கள், தூக்கம் வராதவர்கள். ஆசிரியருக்கு வயதாகிவிட்டது, வகுப்பும் மாறிவிட்டது. ஒரே எழுத்தாளனின் முதல் நாவலையும் கடைசி நாவலையும் இரண்டு சீடர்கள் ஆளுக்கொன்றாக மனப்பாடம் செய்து வைத்திருப்பதைப் போலத்தான் எனக்கு இந்தப் புத்தகங்கள் தெரிகின்றன.

அந்த முதல் நாவலில் எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்பது இன்னொரு பெரிய சண்டை. மார்க் சிங்கிள்டன் 2010இல் எழுதிய ‘யோகா பாடி’ அதைத்தான் பேசுகிறது: நாம் இன்று செய்யும் ஆசனப் பயிற்சியின் உருவத்தில் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் ஐரோப்பிய உடற்பயிற்சி முறைகளுக்கும் கணிசமான பங்கு உண்டு என்கிறார். இதைக் கேட்டுப் புண்பட எனக்கு எதுவும் இல்லை. ஹட யோகப் பிரதீபிகை விவரிப்பது பதினைந்து ஆசனங்கள், கேரண்ட சம்ஹிதை முப்பத்திரண்டு. ஐயங்காரிடம் 200. இடையில் எங்கேயோ நிறைய வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நம் திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் ஆசனங்களைப் பெயர் சொல்லி எண்ணுகிறார். கை விரல்களுக்குள் அடங்குகிற அந்தப் பட்டியலில் பத்மாசனத்தோடு சுகாதனமும் இருக்கிறது. அரிவாள்மனை முன்னால் அம்மா உட்காருவது ஏறக்குறைய அதுதான்.

சுகம் என்ற சொல்லில் நான் கொஞ்ச நாள் மாட்டிக்கொண்டிருந்தேன். ஆசனத்துக்குப் பதஞ்சலி கேட்பது இரண்டே தன்மைகள், உறுதியும் சுகமும். யோகாவில் பாதுகாப்பு பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு தடைப் பட்டியல் தருவார்கள். ரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ இருந்தால் தலைகீழாக நிற்காதே, வட்டு நழுவியிருந்தால் முன்னால் ஆழமாகக் குனியாதே. இவை அவசியம், மறுக்கவில்லை. வில்லியம் பிராட் 2012இல் நியூயார்க் டைம்ஸில் யோகா காயங்களைப் பற்றி எழுதியபோது எழுந்த கூச்சலும் இந்தப் பட்டியலைச் சுற்றித்தான். ஆனால் பட்டியல் ஒரு பக்கம், இன்பம் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பதஞ்சலியின் நிபந்தனையில் சுகம் என்பது பயிற்சி முடிந்தபின் கிடைக்கும் சம்பளம் அல்ல. பயிற்சி நடக்கும்போதே காட்ட வேண்டிய அளவீடு. சு என்றால் நல்ல, க என்றால் துளை, வண்டிச் சக்கரத்தின் அச்சு சரியாகப் பொருந்திய துளைதான் சுகம் என்று ஒரு பழைய சொல்விளக்கம் உண்டு. சரியோ தப்போ, என் முழங்கால் அதை நம்புகிறது.

இப்போது காலையில் இருபத்தைந்து நிமிடம். ஐயங்காரின் நின்று செய்யும் ஆசனங்கள், தேசிகாச்சாரின் மூச்சுக் கணக்கு, இரண்டையும் கலந்தடிக்கிறேன். இரண்டு தரப்புக்காரர்களும் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். உட்காரும்போது பிட்டத்துக்கடியில் மடித்த போர்வை. முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து நின்றால் முதுகு தானாக நிமிர்கிறது. பத்மாசனம் இல்லை.

‘லைட் ஆன் யோகா’வின் ஆசனப் படங்களில் கடைசியாக வருவது சவாசனம். ஐயங்கார் மல்லாந்து படுத்திருக்கிறார். மொத்தப் புத்தகத்தில் நான் படத்தில் உள்ளபடியே செய்யக்கூடிய ஒரே ஆசனம் என்று சந்தோஷப்பட்டு விளக்கத்தைப் படித்தேன். பார்க்கத்தான் சுலபம், தேர்ச்சி பெற மிகக் கடினமானவற்றில் இது ஒன்று என்று எழுதியிருக்கிறார். நேற்றுக் காலை படுத்த மூன்றாவது நிமிடத்தில், ஒன்பதரை மணி மீட்டிங்குக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.