வாங்கியவனும் கொடுத்தவர்களும்: அச்சிபியின் நாவலொன்றை முன்வைத்து

ஆபிரிக்க இலக்கியம் என்றதும் எம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சினுவா அச்சிபி. என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழுக்குத் தந்த அவரது முதல் நாவல் எமது இலக்கிய வட்டங்களில் ஓரளவு பேசப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1960இல் வெளிவந்த 'நோ லோங்கர் அட் ஈஸ்' அந்த அளவுக்குப் பேசப்பட்டதாகத் தெரியவில்லை. முதல் நாவலின் நாயகனான ஒகொங்க்வோவின் பேரன் ஒபி, சீமையில் படித்து வந்து, அரச உத்தியோகத்தில் அமர்ந்து, லஞ்சம் வாங்கிப் பிடிபட்ட கதை அது. தேநீர்க் கடை முதல் பாராளுமன்றம் வரை ஊழல் பற்றிய பேச்சு நிறைந்திருக்கும் எமது நாட்டில், இந்நாவலை எடுத்துப் படிப்பது பயன் தரும் என்பது என் அபிப்பிராயம்.

நாவல் தொடங்கும் இடம் லாகோஸ் நகர நீதிமன்றம். ஒபியின் வழக்கைப் பார்க்கக் கூட்டம் நிரம்பி வழிகிறது. அன்றைய தினம் லீவு எடுப்பதற்காகச் சில அரச ஊழியர்கள் பத்து ஷில்லிங்குக்கு மேல் கொடுத்து வைத்தியரிடம் பொய்யான சுகவீனச் சான்றிதழ் பெற்று வந்திருக்கிறார்கள். லஞ்ச வழக்கை வேடிக்கை பார்க்க லஞ்சம் கொடுத்து வந்த கூட்டம்! அச்சிபி இதனை விளக்கவோ கண்டிக்கவோ இல்லை. போகிற போக்கில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போகிறார். நாவல் முழுவதற்குமான திறவுகோல் அந்த ஒரு வரியில் இருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் ஒருவன். அவனைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் எத்தகையோர் என்பதே நாவலாசிரியரின் அக்கறை.

ஒபி ஆரம்பத்தில் லஞ்சத்தை வெறுப்பவன். உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சையிலேயே, லஞ்சம் வாங்கவா இந்த வேலையைக் கேட்கிறாய் என்று அவனிடம் கேட்கிறார்கள். அவனுக்குக் கோபம் வருகிறது. அவனிடம் ஒரு கோட்பாடும் இருக்கிறது. பழைய தலைமுறை அதிகாரிகள் லஞ்சம் கொடுத்துக் கொடுத்தே மேலே வந்தவர்கள், ஆகவே வாங்குவது அவர்களுக்கு இயல்பாகத் தெரிகிறது. படித்த இளைஞர்கள் எதுவும் கொடுக்காமல் மேலே வருவதால் நிலைமை தானாக மாறிவிடும் என்பது அவன் நம்பிக்கை. எமது நாட்டிலும் ஒவ்வொரு தேர்தல் காலத்திலும் இதே நம்பிக்கை வெவ்வேறு வடிவங்களில் பேசப்படுவதைக் கேட்டிருக்கிறோம்.

அந்த நம்பிக்கையை அச்சிபி சோதித்துப் பார்க்கும் இடம் ஒரு லொறிப் பயணம். ஊருக்குப் போகும் ஒபி, பொலிஸ்காரர் ஒருவர் லொறியை மறிப்பதையும், உதவியாள் இரண்டு ஷில்லிங்கை நீட்டப்போவதையும் உற்றுப் பார்க்கிறான். படித்தவன் பார்க்கிறான் என்று கண்ட பொலிஸ்காரர் பணத்தை வாங்காமல் பத்திரங்களைக் கடுமையாகச் சோதிக்கிறார். சற்றுத் தூரம் சென்று லொறி நிற்க, உதவியாள் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிறான். இப்போது பத்து ஷில்லிங்! பயணிகளின் கோபம் பொலிஸ்காரர் மீது திரும்பவில்லை. ஒபி மீதே திரும்புகிறது. அவன் சும்மா இருந்திருந்தால் எட்டு ஷில்லிங் மிச்சம். நேர்மை சாதாரண மக்களுக்கு ஓர் இடைஞ்சலாக, செலவைக் கூட்டும் ஒன்றாகத் தெரிவது எப்படி என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்பது சந்தேகமே.

இனி ஒபியின் வரவு செலவுக்கு வருவோம். உமுவோஃபியா முன்னேற்றச் சங்கம் 800 பவுண் கடனாகக் கொடுத்து அவனைச் சீமைக்கு அனுப்பியது. அவன் சட்டம் படித்து வந்து தமது காணி வழக்குகளைப் பேச வேண்டும் என்பது ஊராரின் எதிர்பார்ப்பு. அவனோ ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வருகிறான். சம்பளத்தில் மாதம் 20 பவுண் சங்கத்துக்கு, 10 பவுண் பெற்றோருக்கு, பிறகு தம்பியின் படிப்புச் செலவு, கார், கார் காப்புறுதி, மின்சாரக் கட்டணம், வருமான வரி. பெரிய உத்தியோகத்தனுக்குரிய அந்தஸ்தோடு வாழ வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அதே ஊர்தான். அவன் காதலிக்கும் கிளாரா தீண்டத்தகாதவளாக ஒதுக்கப்பட்ட 'ஒசு' மரபில் வந்தவள் என்பதால் ஊரும் தாயும் எதிர்க்கிறார்கள். இவ்வாறு கடனும் உறவும் மானமும் ஒன்றாக நெரிக்கும் ஒரு மூலையில்தான் அவன் கை முதன்முதலாக 50 பவுணை நோக்கி நீளுகிறது.

அவன் பிடிபட்ட பின்னர் ஊர்ச் சங்கம் கூடுகிறது. தம்மவன் எப்படியிருந்தாலும் தம்மவன் என்று அவனுக்காக வழக்குப் பேசப் பணம் சேர்க்கிறார்கள். அங்கு ஒரு பெரியவர் கவலைப்படுவது ஒபி லஞ்சம் வாங்கியதற்காக அல்ல. இவ்வளவு பெரிய உத்தியோகத்திலிருந்துகொண்டு அற்ப 20 பவுணுக்காக மாட்டிக்கொண்டானே என்பதே அவரது ஆதங்கம். அதற்கு நேரெதிராக, ஆபிரிக்கர் என்றாலே ஊழல்தான் என்று தீர்ப்புச் சொல்கிறார் வெள்ளைக்கார மேலதிகாரி கிரீன். ஒருவருக்கு இனமே குற்றவாளி. மற்றவருக்கு இனத்தானாக இருந்தால் குற்றமே இல்லை. இரண்டு பார்வைகளும் ஒரே இடத்தில் வந்து சேர்வதை அச்சிபி காட்டுகிறார். செய்த காரியத்தை இருவருமே நிறுத்துப் பார்க்கவில்லை.

இவ்விடத்தில் எமது ஊர்களின் பேச்சை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2022இன் பொருளாதார வீழ்ச்சியின்போது, நாட்டைக் கொள்ளையடித்தவர்கள் என்று ஆட்சியாளரை எல்லோரும் ஒரே குரலில் ஏசினோம். அந்த வீழ்ச்சிக்குக் காரணமானோர் பொது நம்பிக்கையை மீறினர் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது மகிழ்ந்தோம். அதில் பிழையில்லை. ஆனால் அதே வாயால், 'நம்மட ஆள் எடுத்தாலும் ஊருக்கு நாலு காரியம் செய்றான்தானே' என்பதையும் சொல்கிறோம். வாங்குபவர் அந்நியராக இருந்தால் அது லஞ்சம். நம்மவராக இருந்தால் அது 'சந்தோசம்', 'தேத்தண்ணிச் செலவு', ஆகக் கூடினால் ஓர் 'உதவி'. நகரத்துப் பெரிய பாடசாலையில் முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்ப்பதற்காக உறவினர் வீட்டு முகவரியில் பத்திரம் முடிப்பவரை எந்த ஊரும் ஊழல்காரர் என்று சொல்வதில்லை. கெட்டிக்காரர் என்றே சொல்கிறது.

1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் கொடுப்பவரையும் குற்றவாளியாகவே கண்டது. அதனை நீக்கிவிட்டு வந்த 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், பாலியல் ரீதியாகக் கோரப்படுவதையும் லஞ்சமாகக் கொள்கிறது. புலமைப்பரிசிலுக்காக ஒபியின் வீட்டுக் கதவைத் தட்டும் இளம் பெண்களை அச்சிபி 1960இலேயே எழுதிவிட்டார் என்பது கவனிக்கத்தக்கது. நாடுகளின் ஊழலுக்குப் புள்ளியிட்டு வருடாந்தம் வெளியாகும் சுட்டெண், நிபுணர்களதும் வர்த்தகர்களதும் அபிப்பிராயங்களைக் கொண்டு தயாரிக்கப்படுவது. லொறியில் இருந்த பயணிகள் என்ன நினைத்தார்கள் என்பதை அது சொல்லாது. அதற்கு நாவல்தான் வேண்டும்.

எனினும் இந்நாவலில் எனக்குக் குறையாகப் படுவதையும் சொல்ல வேண்டும். ஒபி வீழ்கின்ற கட்டம் இறுதி அத்தியாயத்தின் சில பக்கங்களுக்குள் அவசரமாக முடிந்துவிடுகிறது. அவ்வளவு நுணுக்கமாகக் கட்டியெழுப்பப்பட்ட மனச்சாட்சி எவ்வாறு நாளுக்கு நாள் மரத்துப்போகிறது என்பதை வாசகன் கூட இருந்து பார்க்க முடியவில்லை. கிளாராவும் ஒரு கட்டத்துக்குப் பிறகு நாவலிலிருந்து மறைந்துபோகிறாள்.

இவற்றைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. தகுதி இல்லாத எவருக்கும் தான் சிபார்சு செய்யவில்லை என்பதே ஒபி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் நியாயம். மேலோட்டமாகப் பார்த்தால் இதில் ஓரளவு நேர்மை இருப்பது போலத் தோன்றும். ஆனால் தகுதியுள்ளவர்கள் பலரும் புலமைப்பரிசில்கள் சிலவுமாக இருக்கும்போது, அந்தத் தகுதியாளருக்குள் தெரிவைச் செய்தது 50 பவுண் அல்லவா? தகுதி இருந்தும் தகப்பனிடம் பணம் இல்லாமல் போன பிள்ளை எங்கே? அந்தப் பிள்ளைக்கு இந்நாவலில் பெயரில்லை, முகமில்லை, ஒரு வசனம்கூட இல்லை. நீதிபதியும் ஊராரும் கிரீனும் ஒபி ஏன் இப்படிச் செய்தான் என்று வியக்கிறார்கள். யாருடைய இடம் பறிபோனது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒபியின் பார்வைக்குள்ளேயே நிற்க விரும்பியதால் நாவலாசிரியர் வேண்டுமென்றே விட்டார் என்று வாதிடலாம். அப்படியானாலும் அந்த வெற்றிடம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. வகுப்பறையில் நிற்பவனுக்கு அந்தப் பிள்ளை தினமும் முன்வரிசையில் தெரியும்.

எமது கதைகளிலும் இதே வெற்றிடம் இருக்கிறது. நான் வாசித்த சிறுகதைகள் பலவற்றில் லஞ்சம் வாங்கும் உத்தியோகத்தர் தொந்தியும் தங்க மோதிரமுமாக வருவார். ஏழை கண்ணீரோடு நிற்பார். முடிவில் உத்தியோகத்தரின் மகன் விபத்தில் சிக்குவான். தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்காக மாணவர் எழுதும் கதைகளிலும் இந்த விபத்து தவறாமல் நிகழ்கிறது. பிள்ளைகள் எம்மிடமிருந்துதானே கற்றுக்கொள்கிறார்கள். இவ்வாறு எழுதும்போது தீமை முழுவதும் ஒரு மனிதனுக்குள் அடைக்கப்படுகிறது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கடித உறையை நீட்டியவர் தப்பிவிடுகிறார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்று, தனது முறை ஏன் வரவில்லை என்பதே தெரியாமல் வீட்டுக்குத் திரும்பியவர் கதைக்குள் வருவதே இல்லை. லஞ்சத்தின் விசித்திரம் இதுதான். களவு கொடுத்தவனுக்குத் தன் பொருள் களவுபோனது தெரியும். இங்கே இழந்தவனுக்குத் தான் இழந்ததே தெரியாது. தனக்குக் கெட்டித்தனம் போதாது என்றுதான் அவன் நினைத்துக்கொள்வான்.

யார் வாங்கினார், எவ்வளவு வாங்கினார் என்ற இரண்டு கேள்விகளோடு பொதுமக்களின் அபிப்பிராயம் நின்றுவிடுகிறது. அச்சிபி அந்த இரண்டையும் தலைகீழாகப் புரட்டிக் காட்டி, கொடுத்தவர்களையும் குற்றவாளிக் கூண்டுக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு முப்பது வயதுக்காரர் எழுதிய இரண்டாவது நாவலுக்கு இது பெரிய சாதனை. மூன்றாவது கேள்வி மிச்சமிருக்கிறது. எமது இளம் படைப்பாளிகள் அதிகாரியின் மோதிரத்தை வர்ணிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, அந்த வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளையின் கதையை எழுத முன்வர வேண்டும்.