தமிழ் நாடகக் கையெழுத்துப் பிரதிகளும் ஆவணக் காப்பும்: ஒரு மதிப்பீடு

தமிழில் நாடக இலக்கியம் வளம் குறைந்தது என்பது இலக்கிய வரலாற்று நூல்களில் அடிக்கடி காணப்படும் முடிவு. இம்முடிவு பெரும்பாலும் அச்சில் வந்த நாடகங்களை மட்டுமே எண்ணி எடுக்கப்பட்டது. மேடையேறியும் அச்சேறாத நாடகங்கள், ஆசிரியர் திருத்திய நோட்டுப் புத்தகங்கள், நடிகர்கள் பாடம் செய்த தனித்தாள்கள், குழுக்களின் கணக்கேடுகள் ஆகியவை இந்த எண்ணிக்கையில் சேரவில்லை. ஆகவே நாடகப் பிரதிகளைப் பாதுகாப்பது நூலகத்துறையின் வேலை மட்டுமன்று. இலக்கிய வரலாற்றின் அடிப்படைச் சான்றுகளைப் பற்றிய கேள்வியும் அதுவே.

அச்சேறியவையும் ஏறாதவையும்

பம்மல் சம்பந்த முதலியார் (1873-1964), சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) ஆகிய இருவரை ஒப்பிட்டால் இது தெளிவாகும். சம்பந்த முதலியார் 1891ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய வழக்கறிஞர். தம் நாடகங்களைத் தாமே அச்சிட்டார். ‘நாடக மேடை நினைவுகள்’ என்று தம் அனுபவங்களையும் எழுதி வைத்தார். அதனால் அவருடைய ‘மனோகரா’வை மூல நாடகமாகவும் படிக்கலாம், 1954ல் மு. கருணாநிதியின் வசனத்தில் வந்த திரைப்படத்துடன் ஒப்பிட்டும் பார்க்கலாம்.

சுவாமிகளின் நிலை வேறு. 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய அவர் சபைகளுக்காகவே எழுதினார். ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதி முடித்தார் என்பது டி.கே. சண்முகம் பதிவு செய்த செய்தி. அப்படி எழுதியது அச்சகத்துக்குப் போகவில்லை. ஒத்திகைக்குப் போனது. அங்கிருந்து பையன்களின் மனப்பாடத்துக்குப் போனது. பாட்டுகள் ஊர் ஊராகப் பரவின. எந்தப் பாட்டு அவர் எழுதியது, எது பிற்கால நடிகர் சேர்த்தது என்று பிரித்தறிய ஆசிரியரின் பிரதி தேவை. அது இல்லாத இடத்தில் விமர்சகர் ஊகத்தை நம்ப வேண்டியிருக்கிறது. சம்பந்த முதலியாரை ‘நாடக ஆசிரியர்’ என்றும் சுவாமிகளை ‘நாடக மேதை’ என்றும் வேறு வேறு சொல்லால் குறிக்கும் நம் பழக்கத்துக்குப் பின்னால் இந்தப் பிரதி வேறுபாடும் இருக்கிறது.

ஓலைக்குக் கிடைத்த பாதுகாப்பு

தமிழகத்தில் சுவடிக் காப்புக்கு நீண்ட மரபு உண்டு. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1869ல் தொடங்கியது. உ.வே. சாமிநாதையர் நூலகம் 1943ல் நிறுவப்பட்டது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் மராட்டிய மன்னர் காலத்து நாடகங்கள் தெலுங்கிலும் மராத்தியிலும் தமிழிலும் காக்கப்பட்டுள்ளன. மன்னர் ஷாஜியின் காலத்து நாடகச் சுவடியை இன்று கேட்டுப் படிக்க முடியும். 1950களில் ஊர்தோறும் நடந்த ஒரு சீர்திருத்த நாடகத்தின் தட்டச்சுப் பிரதியைப் படிப்பது அதைவிடக் கடினம்.

காரணம் எளிது. ஓலை பழமையானது, ஆகவே போற்றத்தக்கது என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. கோடு போட்ட நோட்டுப் புத்தகத்துக்கு அந்த மதிப்பு வரவில்லை. ஆனால் ஓலையைவிடக் காகிதமே விரைவில் அழியக்கூடியது. மரக்கூழ்க் காகிதத்தில் உள்ள அமிலம் அதை உள்ளிருந்தே பழுப்பாக்கி நொறுக்குகிறது. சென்னையின் ஈரக்காற்று, கரையான், ராமபாணப் பூச்சி ஆகியவை மீதியைப் பார்த்துக்கொள்கின்றன.

அச்சுக் காகிதத்துக்கும் அதே மதிப்பைத் தந்த முயற்சி கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாருடையது. நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்புகளையும் கூட அவர் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. முதலில் சென்னையின் மேற்குப் புறமான முகப்பேரில் செயல்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்போது தரமணியில் இருக்கிறது. எந்த ஊரில் எந்தத் தேதியில் யார் நடித்தார்கள், டிக்கெட் எவ்வளவு என்பதற்கு நாடக நோட்டீசை விட நல்ல சான்று இல்லை. தனிமனிதர் ஒருவரின் சேகரிப்பால் கிடைத்தது இது. நாடகத்துக்கென்று திட்டமிட்டுச் சேர்த்ததன் பயன் அன்று.

தணிக்கை விட்டுச் சென்றவை

நாடகத்தை அடக்க வந்த சட்டங்களே சில நாடுகளில் அதைக் காத்தும் இருக்கின்றன. பிரிட்டனில் 1737 முதல் 1968 வரை மேடை நாடகங்கள் அரண்மனை அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். அதற்காகக் கொடுத்த பிரதிகளில் 1824க்குப் பிற்பட்டவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரே தொகுப்பாக உள்ளன. எங்குமே அச்சேறாத நாடகங்கள் அங்கே படிக்கக் கிடைக்கின்றன.

இந்தியாவில் 1876ல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் எழுப்பிய பரபரப்பின் பின்னணியில் 1954ல் சென்னை மாநிலம் தனிச்சட்டம் இயற்றியது. பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதிக்குக் காத்திருப்பது நாடகக்காரர்களின் வாடிக்கையானது. ‘பரீக்‌ஷா’ ஞாநி தொடுத்த வழக்கில் 2013ல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கருத்துரிமைக்கு அது வெற்றி. ஆனால் அத்தனை ஆண்டுகள் கொடுத்த பிரதிகளைத் தேடித் தொகுத்து நூலகத்தில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை அந்த வெற்றியோடு எழவில்லை. தணிக்கையின் தீமையை முழுதாக அனுபவித்த நாம் அதன் ஒரே நன்மையைக் கேட்டுப் பெறாமல் விட்டோம்.

ஸ்காட்லாந்து காட்டும் வழி

தமிழகத்தைவிட மக்கள்தொகையில் மிகச் சிறிய ஸ்காட்லாந்து இதைத் திட்டமிட்டுச் செய்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழக நூலகத்தில் 1981ல் ஸ்காட்டிஷ் நாடக ஆவணகம் ஏற்பட்டது. பிரதிகளோடு நிகழ்ச்சி நிரல்கள், புகைப்படங்கள், செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவற்றையும் அது சேர்க்கிறது. ஜான் மெக்ராத் நிறுவிய ‘7:84’ அரசியல் நாடகக் குழுவின் ஆவணங்கள் எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன. 1973ல் அக்குழு ஊர் ஊராக வண்டியில் கொண்டு சென்ற, விரித்தால் அரங்கமாகும் பெரிய புத்தக வடிவக் காட்சியமைப்பும் அங்கே காக்கப்பட்டிருக்கிறது.

இதில் கற்க வேண்டியது பணவசதியை அல்ல, முறையை. ஆவணக் காப்பாளர் ஒரு தொகுப்பிலிருந்து முக்கியமானதை மட்டும் பொறுக்குவதில்லை. பிரதி, கடிதம், கணக்கு, நோட்டீசு ஆகியவை இருந்த வரிசையிலேயே காக்கப்படுகின்றன. நம் வழக்கம் இதற்கு நேர்மாறு. விருது பெற்ற நாடகத்தை எடுத்துக்கொண்டு வரவு செலவு நோட்டை எடைக்குப் போடுகிறோம். எத்தனை பேர் பார்த்தார்கள், நடிகருக்கு என்ன கூலி என்பது அந்த நோட்டில்தான் இருந்திருக்கும்.

நாட்டுடைமையும் மின்வடிவமும்

தமிழக அரசு எழுத்தாளர் நூல்களை நாட்டுடைமையாக்குவது நல்ல மரபு. ஆனால் அது பதிப்புரிமையை விடுவிக்கிறது. கையெழுத்துப் பிரதியை வாங்குவதோ காப்பதோ அதன் பணியன்று. இரண்டும் ஒன்றென்று எண்ணுவதால் குடும்பத்தாரும் பரணிலுள்ள பெட்டியைக் கவனிப்பதில்லை.

மின்வடிவமாக்கினால் போதும் என்பதும் பாதி உண்மையே. 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அந்த இழப்பை அறிந்த சமூகம் 2005 முதல் நூலகம் என்ற மின்னூலகத்தை வளர்த்து வருகிறது. ஆனால் மின்கோப்புக்கும் கரையான் உண்டு. 1990களில் கணினியில் எழுதிய தமிழ் நாடகங்கள் பல, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு திறந்தாலும் படிக்க முடியாது.

கூத்து மரபைச் சார்ந்தவர்கள் ஒரு மறுப்பைச் சொல்வதுண்டு. கூத்து வாத்தியாரின் வாயில் வாழ்வது, எழுதி அடைத்தால் உறைந்துவிடும் என்பது அது. இதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரே கூத்தின் பல பிரதிகளைக் காப்பது அதை உறையவைக்காது, அது மாறிவந்த பாதையைக் காட்டும். புரிசைக் கூத்து மரபிலிருந்து கற்று 1977ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி போன்றோரை மதிப்பிட இத்தகைய ஒப்பீடு இன்றியமையாதது.

புறநகரில் நிகழும் இழப்பு

பிரதிகள் அழிவது பெரும்பாலும் தீயாலோ வெள்ளத்தாலோ அல்ல, வீடு மாறுவதால். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல் பகுதிகளில் தனி வீடுகள் அடுக்குமாடிகளாகின்றன. மெட்ரோ பாதையும் அவ்வழியே வருகிறது. பழைய வீட்டை ஒப்படைக்கும் வாரத்தில் பரணிலுள்ள காகிதம் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. தாத்தா சபாவில் நாடகம் எழுதியவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பெட்டியை யாரிடம் கொடுப்பது என்பது எவருக்கும் தெரியாது.

அந்த ஒரு கேள்விக்கு விடை தரும் இடமே தமிழ் நாடக ஆவணகத்தின் தொடக்கமாக இருக்க முடியும். உரிமை குடும்பத்திடமே இருக்கும், காகிதம் மட்டும் காப்பகத்துக்கு வரும் என்ற ஒரு பக்க ஒப்பந்தமும், பொதுவில் தேடக்கூடிய ஒரு பட்டியலும் அதற்குப் போதும். பெரிய கட்டடம் பிறகு வரலாம். பட்டியல் இல்லாமல் நாடக இலக்கியம் வளமானதா வறியதா என்று தீர்ப்புச் சொல்வது, சாட்சிகளை விசாரிக்காமல் வழக்கை முடிப்பதாகும்.