கெஞ்சலும் உடன்பாடும்

மைக்கேல் மொஃபாட் செங்கல்பட்டுப் பகுதிக் கிராமமொன்றில் செய்த கள ஆய்வு 1979இல் நூலாக வந்தது. ஊர் மறுக்கும் சேவைகளைச் சேரி தனக்குள் நகலெடுத்துக்கொள்கிறது. ஆகவே சாதி ஒழுங்குக்கு ஒடுக்கப்பட்டவர்களும் மனசார உடன்படுகிறார்கள் என்பது அவர் வாதம். லூயி துய்மோன் போட்டுவைத்த பாதைதான்.

1994இல் வெளியான இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ இதற்குச் சாட்சி மாதிரியே தோன்றும். ஊர் வண்ணார் சேரிக்கு வெளுக்கமாட்டார். சேரிக்கென்று ஒரு புதிரை வண்ணார் குடும்பம். நாவல்மேல் பாய்ந்தவர்களும், ‘பாருங்க, அவங்களுக்குள்ளேயும் சாதி இருக்கு’ என்று குஷியானவர்களும் இந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

நகலெடுப்பு என்கிற கருத்தைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அது இல்லாமல் நாவலின் அமைப்பே பிடிபடாது. அங்கிருந்து உடன்பாட்டுக்குத் தாவுகிறாரே, அந்த ஓர் எட்டைத்தான் நான் ஏற்கவில்லை. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையும் இதே நிலவரத்தைத்தான் விளக்குகிறது. யாருடைய சம்மதத்தையும் அது கேட்பதில்லை.

ஆரோக்கியத்தைப் பாருங்கள். ராத்திரி வீடுவீடாகச் சோறெடுக்கப் போகிறாள். களத்தில் தானியத்துக்குக் கெஞ்சுகிறாள். இதை உடன்பாடு என்று குறித்துக்கொண்டால் ஆய்வாளருக்கு வேலை சுலபம். சாதி ஒழுங்கை நம்பியா அவள் கெஞ்சுகிறாள்? அளந்து போடுகிற மரக்காலை நம்பி. அளவு குறையக் குறையக் கெஞ்சல் நீள்கிறது; நம்பிக்கைக்கு இப்படியொரு கணக்கு உண்டா என்ன? களத்தில் நின்று பார்த்தவருக்கு அந்தக் கெஞ்சல் மட்டும் கேட்கும். குடிசைக்குத் திரும்பிய பிறகு அவள் புலம்புவதைக் கேட்கக் கேள்விப் பட்டியல் கூட வராது. நாவல் வருகிறது.