ஹெக்டேரில் அளந்த அரசுகள்

சமூகங்கள் படிப்படியாக அரசாக வளர்ந்தன என்ற கருத்தை மறுத்து டேவிட் கிரேபரும் டேவிட் வென்குரோவும் எழுதிய 'தி டான் ஆஃப் எவ்ரிதிங்' 2021இல் வெளிவந்ததிலிருந்து, பழைய படிநிலைக் கோட்பாட்டுக்கு ஆதரவாக ஒரு வாதம் மறுபடியும் தலைதூக்கியிருக்கிறது. குழு, இனக்குழு, தலைமைச் சமூகம், அரசு என மானுடவியலாளர் எல்மன் சர்வீஸ் 1962இல் வகுத்த படிகளில் என்ன குறை இருந்தாலும், அரசு எங்கே தொடங்குகிறது என்று அளந்து சொல்ல அந்த மரபிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது, எதிர்த்தரப்பிடம் இருப்பவை விதிவிலக்குகள் மட்டுமே என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த மரபின் மிகப் பலவீனமான இடமே அந்த அளவுகோல்தான்.

அதைத் தந்தவர்கள் தொல்லியலாளர்கள் ஹென்றி ரைட்டும் கிரிகரி ஜான்சனும். தென்மேற்கு ஈரானின் சூசியானாச் சமவெளியை ஆராய்ந்து 1975இல் அவர்கள் எழுதிய கட்டுரை, முடிவெடுக்கும் அதிகாரம் மூன்று அடுக்குகளாகவோ அதற்கு மேலாகவோ பிரிந்திருந்தால் அது அரசு என்றது. அந்த அடுக்குகளைக் காண ஊர்களின் பரப்பளவு முக்கியச் சான்றாயிற்று. பழைய ஊர்கள் புதைந்து கிடக்கும் மேடுகள் அளவில் நான்கு தொகுதிகளாகப் பிரிந்தால், ஆளப்படும் குக்கிராமங்களைக் கழித்து மேலே மூன்று நிர்வாக அடுக்குகள்.

இதனால் விளைந்த நன்மையை மறுக்க மாட்டேன். கோயிலையும் அரண்மனையையுமே பெரிதும் தோண்டிக்கொண்டிருந்த மெசொப்பொத்தேமியத் தொல்லியல், கிராமங்களைத் திரும்பிப் பார்த்தது இத்தகைய கேள்விகளால்தான். ராபர்ட் மெக்கார்மிக் ஆடம்ஸ் தென் ஈராக்கில் பதிவுசெய்த மேடுகளில் பலவற்றை 2003க்குப் பிறகு கொள்ளையர்கள் குடைந்து அழித்துவிட்டார்கள். அவர் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அவற்றைப் பற்றி நமக்கு அதிகம் மிஞ்சியிருக்காது. கண்டங்களைக் கடந்து சமூகங்களை ஒப்பிட ஒரு பொதுமொழியும் கிடைத்தது. அவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு மேட்டின் ஹெக்டேர் எண் எப்படி வருகிறது? ஆய்வாளர் மேட்டின் மேல் நடக்கிறார். பானை ஓடுகளைப் பொறுக்குகிறார். கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் உருக் காலத்து ஓடு எதுவரை சிதறிக் கிடக்கிறதோ, அதுவரை உருக் காலத்து ஊர் என்று கோடு போடுகிறார். ஏர் இழுத்துச் சென்ற ஓடு, மழை அரித்துக் கீழே இறக்கிய ஓடு, பிற்கால வீட்டுச் சுவருக்கு மண் வெட்டியபோது மேலே வந்த ஓடு எல்லாம் அந்தக் கோட்டுக்குள் வருகின்றன. மேலும் ஒரு பானை வகை நூற்றாண்டுக்கணக்கில் புழங்கியிருக்கும். அந்த நீண்ட காலம் முழுவதும் வரைபடத்தில் ஒரே நாளாகத் தட்டையாகிறது. மூன்று தலைமுறைக்கு ஒருமுறை இடம் மாறிய ஒரே சிற்றூர் மூன்று ஊர்களாகப் பதிவாகிறது. பிறகு இந்த எண்களை வரிசைப்படுத்தி, எங்கே இடைவெளி தெரிகிறதோ அங்கே தொகுதிகளைப் பிரிக்கிறார்கள். சில பத்து மேடுகளே உள்ள ஒரு சமவெளியில் இரண்டு மேடுகளின் அளவைத் திருத்தினாலே நான்கு தொகுதி மூன்றாகிவிடும். ஓர் அரசு பிறப்பதும் பிறக்காமல் போவதும் அந்தத் திருத்தத்தைப் பொறுத்தது!

ஹரியாணாவில் உள்ள சிந்துவெளி ஊரான ராக்கிகடியை எடுத்துக்கொள்ளுங்கள். 80 ஹெக்டேர் என்றும் 200 ஹெக்டேருக்கு மேல் என்றும் நூல்கள் சொல்லிவந்தன. 2014இல் மேலும் இரண்டு மேடுகளைச் சேர்த்து 350 ஹெக்டேர் என்று அறிவித்தார்கள். மேடுகளில் சிலவற்றின் மேல் இன்றைய கிராமங்கள் நிற்கின்றன. எல்லா மேடுகளிலும் ஒரே காலத்தில் மக்கள் குடியிருந்தார்களா என்பது தோண்டாமல் தெரியாது. சிந்துவெளியில் அரசு இருந்ததா என்ற விவாதத்தில் ஊர்களின் அளவு வரிசையைச் சான்றாகக் காட்டுபவர்கள் இப்படிப்பட்ட எண்களின் மேல்தான் நிற்கிறார்கள்.

அளவு துல்லியமாகவே கிடைத்தாலும் என் ஆட்சேபம் தீராது. பெரிய ஊர் சிறிய ஊரை ஆண்டது என்று யார் சொன்னது? தென் ஜெர்மனியின் சந்தை நகரங்களை விளக்க வால்டர் கிறிஸ்டாலர் 1933இல் வகுத்த மைய இடக் கோட்பாடு, கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்கு நிர்வாக வரைபடமாக மாற்றப்பட்டது. ஊர் பெருக நீர்வளம் போதும், திருவிழா போதும், பகைக்கு அஞ்சி ஓரிடத்தில் கூடுவது போதும். உக்ரைனின் நெபெலிவ்காவில் சுமார் 240 ஹெக்டேரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் வளையங்களாக அமைந்திருந்தன. அங்கே ஓர் ஆட்சியாளரின் அரண்மனையோ கல்லறையோ கிடைக்கவில்லை.

இதற்கு நேர்மாறானது கிழக்குத் துருக்கியின் அர்ஸ்லான்தெபே. மேட்டின் பரப்பு நான்கைந்து ஹெக்டேர்தான். அளவுகோலின்படி அடிமட்டத்தில் தூக்கிப்போட வேண்டிய ஊர். மார்செல்லா ஃபிராஞ்சிபானேயின் குழு அங்கே, கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அரண்மனை வளாகத்தையும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட களிமண் முத்திரைப் பதிவுகளையும் கண்டெடுத்தது. அந்தக் களிமண் கட்டியின் முகத்தில் முத்திரைக்கு உரியவரின் அடையாளம் இருக்கிறது. முதுகைத் திருப்பினால் சாக்கின் நெசவு, கூடையின் பின்னல், கதவு முளையைச் சுற்றிய கயிறு என ஏதோ ஒன்று பதிந்திருக்கிறது. பண்டசாலைக் கதவை எந்தெந்த முத்திரை மூடியது, எத்தனை முறை மூடியது என்று எண்ணிவிடலாம். உடைத்து எடுத்த களிமண்ணை அவர்கள் உடனே எறிந்துவிடவில்லை, கணக்குக்காகச் சேர்த்துவைத்துப் பிறகு குவியலாகக் கொட்டினார்கள். ஒருவர் பொறுப்பில் விட்ட பொருளுக்கு இன்னொருவரிடம் கணக்கு ஒப்பித்ததன் நேரடித் தடயம் இது. அதிகாரம் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சுற்றுப்புறத்தில் நகரமயமாக்கம் நிகழவில்லை என்பதே அகழ்ந்தவரின் முடிவு.

ரைட்டுக்கும் ஜான்சனுக்கும் இது தெரியாததல்ல. முத்திரைப் பதிவுகளையும் அவர்கள் சான்றாகக் கொண்டார்கள். ஷரஃபாபாத் என்ற சின்னஞ்சிறு மேட்டின் ஒரு குழியை ரைட் தோண்டி, அதிலிருந்த முத்திரைப் பதிவுகளை அடுக்கடுக்காக ஆராய்ந்தார். பின்வந்தவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. தோண்டாமலே அரசைக் கண்டுபிடிக்க வழி கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டார்கள். செயற்கைக்கோள் படங்கள் வந்த பிறகு மேட்டுக்குப் போகவும் தேவையில்லாமல் ஆகிவருகிறது. மூன்று அடுக்கு இருந்தால் அரசு என்று வரையறுத்துவிட்டு, அளவில் அடுக்கு தெரிந்ததும் அரசு நிரூபணமாயிற்று என்பது சுற்றிச் சுற்றி வரும் வாதம். அதை அறிவியல் என்று அழைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

சிந்துவெளியிலேயே வேறு சான்று உண்டு. குஜராத்தின் லோத்தல் சில ஹெக்டேரே உள்ள ஊர், அளவு வரிசையில் கடைசிப் படி. அங்கே தீப்பற்றிய பண்டசாலையில் அறுபதுக்கும் மேற்பட்ட முத்திரைப் பதிவுகளைத் தொல்லியலாளர் எஸ். ஆர். ராவ் கண்டெடுத்தார். முதுகில் நாணலும் பாயும் முறுக்கிய கயிறும் பதிந்திருக்கின்றன. ஒரே களிமண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட முத்திரைகள் பதிந்தவையும் உண்டு. டென்னிஸ் ஃப்ரெனெஸும் மௌரிஸியோ தோஸியும் 2005இல் அவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். அந்த முத்திரைகளுக்கு உரியவர்கள் யார், ஒருவருக்கொருவர் எப்படிக் கணக்கு ஒப்பித்தார்கள் என்று கேட்பதிலிருந்துதான் சிந்துவெளி அரசைப் பற்றிய விவாதம் தொடங்க வேண்டும். ராக்கிகடியின் ஹெக்டேர் கணக்கு அதற்கப்புறம் வரட்டும்.