கடிகாரம் பார்க்காத டெஸ்ட்

நூறு மில்லிசெகண்ட் தூங்கு, எழுந்ததும் மணி பார், 150-க்குள் இருந்தால் பாஸ். இப்படி ஒரு டெஸ்ட் எழுதாத புரோகிராமர் குறைவு. எழுதியவரின் லேப்டாப்பில் எப்போதும் பச்சைதான். பத்து வேலைகள் நெருக்கியடித்து ஓடும் சிஐ சர்வரில் திடீரென்று சிவக்கும். மறுபடி ஓட்டினால் பச்சை. கோடில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

கோ மொழியின் ஸ்லீப், ‘குறைந்தது இவ்வளவு நேரம்’ நிறுத்திவைப்பதாக மட்டுமே வாக்குக் கொடுக்கிறது. அதிகபட்சம் பற்றி வாயே திறக்கவில்லை. கொடுக்காத வாக்குக்கு வழக்காடுகிறது அந்த 150. அதை 500 ஆக்கி, பிறகு 2000 ஆக்கி ஒப்பேற்றுவது சோம்பேறி வைத்தியம்; டெஸ்ட் மெதுவானதுதான் மிச்சம். அப்பாச்சி திட்டங்களில் நிலையில்லாத டெஸ்ட்களைச் சரிசெய்த கமிட்டுகளை 2014-இல் ஓர் ஆய்வு அலசியது. காரணம் வகைப்படுத்த முடிந்தவற்றில் சுமார் 45 சதவீதம், காத்திருக்க வேண்டியதற்குச் சரியாகக் காத்திருக்காததால் வந்தவை.

கை தேர்ந்தவர் எண்ணைத் தொடுவதில்லை. இந்த வரி எதைத் தெரிந்துகொள்ள விரும்பியது என்று முதலில் கேட்கிறார். ‘ரத்து செய்ததும் வேலை நின்றதா?’ என்பதுதான் கேள்வியென்றால், நின்றதும் ஒரு சேனலை மூடச் சொல்லி அதற்காகக் காத்திருந்தால் போதும். மணி பார்க்கும் வரியே போய்விடும். அந்த டிஃப்பில் சிவப்பு வரிகள் அதிகம், பச்சை வரிகள் கொஞ்சம், படிக்கவே சுகம்.

நேரமே கேள்வியாக இருந்தால்? இங்கேதான் கோ 1.25-இல் (2025) நிலைபெற்ற சின்க்டெஸ்ட் என்ற டெஸ்ட் பேக்கேஜ் என்னை மயக்குகிறது. அதன் ‘குமிழி’க்குள் பொய்க் கடிகாரம் ஒன்று 2000 ஜனவரி 1 நள்ளிரவில் தொடங்குகிறது. உள்ளே இருக்கும் எல்லா கோரூட்டீன்களும் (கோவில் ஒரே சமயத்தில் ஓடும் பணிகள்) செய்ய வேலையின்றி நின்ற பிறகே அது நகரும். நகர்ந்தால், அடுத்த டைமருக்கு ஒரே தாவல். ஐந்து செகண்ட் டைம்அவுட் கண் சிமிட்டும் முன் முடிகிறது. கெடுவுக்கு ஒரு நானோசெகண்ட் முன்பு ‘இன்னும் காலாவதியாகவில்லை’ என்றும், அந்த நானோசெகண்ட் கடந்ததும் ‘ஆகிவிட்டது’ என்றும் அடித்துச் சொல்லலாம். உத்தேசமாக 50 மில்லிசெகண்ட் சலுகை கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் இப்படியொரு துல்லியம்!

உண்மையான நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் கோரூட்டீனைச் சின்க்டெஸ்ட் ஓய்ந்ததாகக் கணக்கில் எடுக்காது. நினைவகத்துக்குள்ளேயே ஓடும் போலி இணைப்பைத்தான் கொடுக்க வேண்டும். சிலருக்கு இது எரிச்சல். எனக்கு இந்தப் பிடிவாதமும் பிடித்திருக்கிறது: வெளியிலிருந்து எப்போது பதில் வரும் என்று குமிழிக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் அது நடிப்பதும் இல்லை.